திக்கு

பிப்ரவரி. திதுபே சந்தை தாண்டி, பாலம் ஏறும் முன்
ஜெமால் வேனை நிறுத்தினான்.
பதினேழு பேர், ஒரு கூடைக் கோழி.
ஏனப்பா நிற்கிறாய் என்றாளாம் முன்சீட்டுக்காரி.
"எல்லாம் தெரிகிறது.
அது மருந்துக்கடை. அது ரொட்டி சுடும் வாசல்.
மலைமேல் நிற்பது கோபுரம்.
இதற்கு அடுத்தது எது?"

இருபத்தாறு வருடம் ஓட்டிய தடம்.
க்ல்தானியிலிருந்து வாக்கே, வாக்கேயிலிருந்து க்ல்தானி.
நாக்குக் குழறவில்லை, கை இழுக்கவில்லை.
திக்குதான் திக்கியது.

டாக்டர் நெஸ்தான் திரையில் காட்டினாள்:
மூளையின் பின்பக்கம், உள்மடிப்பில்
ஒரு மாதுளைமுத்து அளவு கசிவு.
இடங்களை வைத்திருக்கும் அறை அப்படியே இருக்கிறது,
முகம் எந்தப் பக்கம் என்று சொல்லும் அறையும் உண்டு,
நடுவிலிருந்த கதவுதான் போயிற்று என்றாள்.
வீட்டை வரையச் சொன்னாள்.
அடுப்பின் நான்கு கண்ணும் சரி,
பால்கனியில் துணிக்கம்பி சரி.
சமையலறை தாளின் ஒரு மூலையில்,
படுக்கையறை தாளின் பின்பக்கத்தில்,
இடையில் ஒன்றுமில்லை.
நன்றாக வந்திருப்பதைப் போலத்
தலையாட்டிக்கொண்டான்.

எனக்கு ஊர் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.
அவ்லபாரி மெட்ரோவின் அடியாழத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள்
நகரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
பத்தொன்பது வருடமாக இரண்டே திசை:
மேலே போகிறவர்கள், கீழே வருகிறவர்கள்.
மற்ற ஊரெல்லாம் ஜெமாலிடம் இருந்தது.
கேட்டால் கிடைக்கும், தீப்பெட்டி போல.

இப்போது அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்.
மூன்றாவது தெருவில் நானும் தொலைகிறேன்.
ஒருநாள் முட்டுச்சந்தில் நின்று சண்டை போட்டோம்,
பூத்திருந்த பிளம் மரத்தை
வரும்போது பார்த்தோமா, இல்லையா என்று.
பார்த்தோம் என்றான். அவன் சொன்னதுதான் சரி.
எந்தப் பக்கம் என்றேன்.
மரத்தையே பார்த்தான்,
அது வாயைத் திறக்கும் என்பதைப் போல.

விடுமுறை நாளில் அதே தடத்தில் ஏறி உட்காருகிறோம்.
வேறொருவன் ஓட்டுகிறான், வேகமாக, பாட்டு போட்டபடி.
ஜெமால் கண்ணை மூடிக்கொள்கிறான்.
நான் படிக்கிறேன்:
ரொட்டி வாசல், இடது. சிக்னல். பாலம்.
ஆறு நமக்குக் குறுக்கே, வலமிருந்து இடம்.
ஆற்றுக்கு ஒரு பக்கம் உண்டென்று
ஐம்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

ஒன்று அவனிடம் சொன்னதில்லை.
முன்பெல்லாம் இரவிலும் ஓட்டுவான்.
தூக்கத்தில் வலது பாதம் போர்வையை அழுத்தும்.
அழுத்தும், விடும், அழுத்தும்.
நீண்ட அழுத்தம் வந்தால் பாலத்துச் சிக்னல்.
சில இரவு தலைகீழாக, வாக்கேயிலிருந்து.
உதையும் வாங்கியிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

நெஸ்தானிடம் கேட்டேன்.
எலியும் அப்படித்தான் என்றாள்.
பகலில் ஓடிய பொந்துவழியை இரவில் மூளைக்குள்
முன்னும் பின்னுமாக ஓடிப் பார்க்குமாம்,
இன்னும் போகாத வழியையும் சில சமயம்.
எலியா என்று கோபம் வந்தது.
வீட்டுக்கு வருவதற்குள், எலியாகவாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பாதம் மரக்கட்டை.
மார்ச் முழுக்க விழித்திருந்தேன். ஏப்ரலில் அசந்துவிட்டேன்.

மே மாதம், மழை இரவு.
போர்வை ஒருமுறை இழுபட்டது.
விட்டது. மறுபடி.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
சந்தை. மருந்துக்கடை. ரொட்டி வாசல்.
நீண்ட அழுத்தம் வர வேண்டிய இடம்.

வரவில்லை.
சிக்னலை மீறிப் போய்விட்டான்,
இல்லையென்றால் இது எனக்குத் தெரியாத ஏதோ தெரு.

குனிந்து பார்த்தேன்.
என் வலது கால்
கட்டில் சட்டத்தை மிதித்தபடி இருந்தது,
விரல் வெளுக்க.